மூன்றடி வழி

என் கதைக்கு ஒரு சர்வே எண் உண்டு என்பது பதிவுத் தபால் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"கதை சர்வே எண் 114-ஐ உட்பிரிவு செய்து தன் பாகத்தைப் பிரித்துத் தரும்படி கூட்டுப் பட்டாதாரர் ஆல்வின் மனு செய்திருப்பதால், மற்றொரு கூட்டுப் பட்டாதாரரான தமிழினி ஆகிய தாங்கள் மூல ஆவணங்களுடன் நேரில் ஆஜராக வேண்டியது. தவறினால் கதை தங்களுக்குத் தேவையில்லை என்று கருதப்படும்." கீழே தென்புறநகர்க் கலைப் படைப்பாளர் நலச் சங்கத்தின் முத்திரை. முத்திரையில் ஒரு வீணை. வீணையைச் சுற்றி நிலம் அளக்கும் சங்கிலி.

பெருங்களத்தூரில் என் ஹாஸ்டல் வாசலில் நின்று அதை நான்கு முறை படித்தேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த ஊரில் என் பேரில் இருப்பது ஒரு கட்டில், அதுவும் மாத வாடகைக்கு. பட்டாதாரர் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. பயத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கதை இதுதான். ராசாத்தி என்று ஒரு தண்ணீர் லாரி. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோகிற லாரி, ஆனால் நனைவதற்குப் பயப்படும். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ரோட்டில் குழியப்பன் என்று ஒரு குழி. வாயைத் திறந்தால் பொய்தான் பேசுவான். ஊரில் என் அக்கா வேதாவின் மகள் சோறு உண்ண மாட்டேன் என்று அடம் பிடித்ததால், வேலை முடிந்து நடக்கும்போது இதைப் போனில் பேசுவேன். போன் அதைத் தட்டச்சு செய்துகொள்ளும். அக்கா வாசித்துக் காட்டி ஒரு கிண்ணம் சோற்றை உள்ளே தள்ளிவிடுவாள்.

என்னோடு அதே கால் சென்டரில் வேலை பார்த்த ஆல்வினுக்கு நல்ல குரல். ஒருநாள் நான் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தமிழ், இத நான் பேசுறேன், நீ எழுது, நம்ம ரெண்டு பேரும் பார்ட்னர்ஸ்" என்றான். பதிவு செய்தோம். எலியேசர் அண்ணன் என்று ஒரு பள்ளி வேன் டிரைவர், பெருங்களத்தூரிலிருந்து பொத்தேரி வரை பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். நெரிசலில் வேன் நின்றால் பிள்ளைகள் ஒருவரையொருவர் கடிக்கும். அவர் கதையைப் போட்டார். கடி நின்றது. எட்டு வேன், பிறகு நாற்பது வேன். ஒவ்வொரு பாகமும் ராசாத்தியின் ஹாரனோடு ஒரே மாதிரித் தொடங்கும்: "பாம்... பாம்... பாம்... ராசாத்தி வர்றா, ஒதுங்குங்க." அதைக் கேட்டால் நாற்பது வேனிலும் பிள்ளைகள் வாயை மூடும்.

சங்கத்தின் முத்திரை இல்லாத கதை வேனில் ஓடக்கூடாது என்று வேன்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. முத்திரை இருந்தால் நல்லது என்று எல்லோருக்கும் தோன்றியது, அவ்வளவுதான். நானும் ஆல்வினும் போய்க் கூட்டாகப் பதிந்தோம்.

நாற்பத்தாறாவது பாகம் முடிந்ததும் ஆல்வினுக்கு சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் வேலை கிடைத்தது. மெசேஜ் வந்தது: "தமிழ், நான் மூவ் ஆகுறேன். ராசாத்தியும் என்கூட வர்றா. நீ புரிஞ்சுப்பேன்னு தெரியும்." கூடவே கும்பிடும் கைப்படம். நான் புரிந்துகொள்வதற்குள் பதிவுத் தபால் வந்துவிட்டது.

அக்கா மகள் அந்த வாரம் கேட்டாள், "சித்தி, ராசாத்தி இனிமே யாருக்குச் சித்தி?" என்று. போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.

*

சங்கம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்தது. ஆதியில் அது கவிஞர்களின் சங்கமாம். முன்வரிசையில் யார் உட்காருவது என்று கவிஞர்களுக்குள் தகராறு வந்து, நாற்காலிகளுக்கு இடையே எல்லை போட்டுத் தரும்படி ஓய்வுபெற்ற நில அளவையாளர் ராஜகோபாலைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் அளந்தார். அளந்து முடித்தபோது கவிஞர்கள் யாருக்கும் நாற்காலி மிஞ்சவில்லை. அன்றிலிருந்து அவர்தான் தலைவர். செயலாளர் குமரேசன் படப்பைப் பக்கம் மனை விற்பவர். செயற்குழுவில் மீதி ஏழு பேர். ஒன்பது பேரும் சேர்ந்து இதுவரை எழுதியது அண்டை வீட்டுக்காரர்கள் மேல் புகார்கள்.

விசாரணை தொடங்கும் முன் மனுதாரர் தலைவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். தலைவர் அதைச் செயலாளரிடம் கொடுப்பார். செயலாளர் எதிர்மனுதாரரிடம் கொடுப்பார். எதிர்மனுதாரர் அதைத் தலைவருக்குப் போர்த்த வேண்டும். சங்கத்துக்கு ஒரே ஒரு பொன்னாடைதான். அன்றைக்கு எட்டு வழக்குகள். என் முறை வந்தபோது அது ஈரமாக இருந்தது.

"கதைய யாரும்மா பயிர் வெச்சது?" என்றார் ராஜகோபால்.

"நான்தான் சார் எழுதுனேன்."

"கையாலயா?"

"போன்ல பேசுவேன் சார். அது டைப் பண்ணிக்கும்."

"அப்போ எழுதினது போனு."

"பேசுனது நான் சார்."

"பேசினது இந்தத் தம்பியும்தான். இவன் பேசினத நாப்பது வேனு கேட்டுகினு கீது. நீ பேசினத போனு மட்டும்தான கேட்டுது?"

குமரேசன் பதிவேட்டில் எழுதினார். சாகுபடி செய்தவர்: கைபேசி.

"போனு யார் பேர்ல கீது?"

"சிம்மு அக்கா பேர்ல சார். ஊர்ல இருக்காங்க."

"வெளி மாவட்டத்து ஆளுக்கு இங்க பாத்தியதை கெடையாது. அந்தக் கட்டத்த காலியா வுடு குமரேசா."

ஆல்வின் எழுந்தான். புதுச் சட்டை. "சார், அவங்க ஐடியா குடுத்தாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா லாரிக்கு உயிர் குடுத்தது என் வாய்ஸ். நான் இல்லேன்னா அது வெறும் மெசேஜ்."

"உயிரு எல்லாம் கணக்குல வராது தம்பி. உக்காரு." தலைவர் என் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாக்கணும்மா."

"கதைக்கு ரெண்டு வயசுதான் சார் ஆச்சு. எனக்கே இருபத்தஞ்சு."

"சரி. அதுக்கு முன்னாடி அந்த எடத்துல இன்னா கதை இருந்துது?"

"ஒண்ணும் இல்ல சார்."

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குமரேசன் பேனாவை மூடினார். "ஒண்ணுமே இல்லாத எடம்னா அது புறம்போக்குங்க. புறம்போக்குன்னா சங்கத்துக்குச் சேர்ந்தது. யோசிச்சு சொல்லுங்க."

யோசித்தேன். "ஒரு நரிக் கதை இருந்துச்சு சார்" என்றேன்.

"நரி இப்போ எங்க?"

"செத்துப்போச்சு சார்."

"வாரிசு?"

"இல்ல சார்."

"எழுதிக்கோ" என்றார் தலைவர். இல்லாத நரிக்கு வாரிசு இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

*

அடுத்த திங்கட்கிழமை காலை, கதையை அளக்க வந்தார்கள். எலியேசர் அண்ணனின் வேனில் முன் சீட்டில் தலைவர், மடியில் சங்கிலி. பின்னால் குமரேசனும் இரண்டு செயற்குழு உறுப்பினர்களும் டேப்பைப் பிடித்தபடி பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். நானும் ஆல்வினும் ஆளுக்கொரு ஜன்னல்.

எல்லை முதலில் குறிக்கப்பட்டது. வடக்கே பெருங்களத்தூர் பஸ் நிறுத்தம், தெற்கே பொத்தேரி, ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், இன்னொரு பக்கம் ரோட்டின் நடுச்சுவர். "இந்த நாலு எல்லைக்குள்ளதான் கதை நடக்குது. எழுதிக்கோ" என்றார் தலைவர்.

"சார், கதையில ராசாத்தி மாடம்பாக்கம் வரைக்கும் போகும்" என்றேன்.

"அது ஆக்கிரமிப்பு. தனி கேசு."

ஜெனி என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை தலைவரின் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தது. "தாத்தா, நீங்க யாரு?"

"கதைய அளக்குறவரு பாப்பா."

"எதுக்கு?"

"சண்ட வரக்கூடாதுன்னு."

"யாரு சண்ட போட்டாங்க?"

"இன்னும் போடல. அளந்து முடிச்சப்புறம் போடுவாங்க." அவர் இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு அவளையே சாட்சியாக்கினார். "பாப்பா, கதையில தண்ணி எங்க கீது?"

"லாரிக்குள்ள."

"எப்பவும் கீதா?"

"காலியாயிட்டா கதை முடிஞ்சிரும்ல."

"நீர்ப்பிடிப்பு உள்ளது. நஞ்சை" என்றார் தலைவர்.

குமரேசனின் முகம் வாடியது. "தலைவரே, நஞ்சைன்னா விளைநிலம். மனை போட முடியாதே."

"நம்ம போடாததா" என்றார் தலைவர்.

பிறகு கதையைப் போடச் சொன்னார்கள். ஸ்பீக்கரிலிருந்து முதல் "பாம்" வந்தபோது டேப்பை இழுத்தார்கள். நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு பாம் என்பது ஓர் அடி என்று தீர்மானமானது. சாதாரண வாக்கியத்துக்கு நான்கு அடி. குழியப்பனின் பொய்க்கு ஆழமும் சேர்த்து அளக்க வேண்டியிருந்ததால் குமரேசன் தனித்தாள் வாங்கினார். நாற்பத்தாறு பாகத்தையும் அளந்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. மொத்தம் இரண்டு ஏக்கர் பதினோரு சென்ட். ஆல்வின் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான்.

*

தீர்ப்பு நாளன்று தலைவர் பேசியதை நான் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.

"முப்பத்தி நாலு வருஷம் அளந்துகினு கீறேன். அளந்து முடிச்சா ரெண்டு தரப்புல ஒருத்தனாவது சிரிச்சான்னா, எங்கயோ தப்பு நடந்துபோச்சுன்னு அர்த்தம். ரெண்டு பேரும் அழுவணும். அதான் நியாயம். ஆனா வயசாயிடுச்சு, இப்போ ஒருத்தர் அழுதாலே போதும்னு வுட்டுடறேன்."

கைத்தட்டல். அடுத்து குமரேசன். "எழுதினவங்களுக்கே எழுத்துன்னு சொல்லிட்டா, நாளைக்கு எல்லாரும் எழுத ஆரம்பிச்சிருவாங்க. அப்புறம் சங்கம் எதுக்கு? படைப்பாளிங்க கிட்டேந்து படைப்பைக் காப்பாத்தத்தான் நாங்க இருக்கோம். ஆல்வின் தம்பிக்குப் பின்னாடி ஒரு கம்பெனி நிக்குது. தமிழினி அவர்களுக்குப் பின்னாடி," என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார், "வாட்டர் கேன் நிக்குது."

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. லாரி ஆல்வினுக்கு. ரோடு, பாலம், மழை, குழியப்பன், நாற்பத்தாறு பாகம், எல்லாம் ஆல்வினுக்கு. "எதிர்மனுதாரர் பெண் என்பதாலும் வெளியூர் என்பதாலும் மனிதாபிமான அடிப்படையில்" கதையின் வடக்கு ஓரத்தில், நுழைகிற இடத்தில், மூன்று பாம், அதாவது மூன்றடி அகலத் துண்டு எனக்கு. என் பெயரில் தனிப் பட்டா. தலைவர் கையால் வரைந்த படம் ஒன்றும் கொடுத்தார்கள். பெரிய கட்டத்துக்குள் ஆல்வின். ஓரத்தில் ஒரு கோடு, அதற்குள் அடங்காததால் என் பெயரை வெளியே எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

படியில் இறங்கும்போது ஆல்வின் சொன்னான், "அந்த ஹாரன் பிட்ட நீயே வெச்சுக்கோ தமிழ். ரிங்டோன் போட்டுக்கலாம்." கீழே வந்ததும், "நோ ஹார்டு ஃபீலிங்ஸ்" என்று கை நீட்டினான். நான் கை கொடுத்தேன். அதுதான் இன்றுவரை என்னை எரிக்கிறது. கை கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்று அக்காவுக்கு எல்லாவற்றையும் போனில் பேசித் தட்டச்சு செய்து அனுப்பினேன். படத்தையும் அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இந்தப் படம் நெசந்தானா?"

"நெசந்தான்க்கா."

"சீல் இருக்கா?"

"இருக்குக்கா. எல்லாம் போச்சுக்கா. ராசாத்தி போச்சு."

"மூக்க உறிஞ்சாம சொல்லு. நொழையுற எடம் ஒம் பேர்லயா?"

"ஆமா."

"வேற பக்கம் வழி இருக்கா?"

படத்தைப் பார்த்தேன். தெற்கே பொத்தேரி, கதை முடியும் இடம். ஒரு பக்கம் தண்டவாளம். ஒரு பக்கம் சுவர். "இல்லக்கா."

அக்கா சிரிப்பது கேட்டது. "கூறுகெட்டவளே, ரெண்டு ஏக்கர உள்ள வச்சு பூட்டிச் சாவிய ஒங்கையில குடுத்திருக்கான். நம்ம சித்தப்பா பதினோரு வருசமா மாட்டப் பத்திட்டுப் போகணும்னா நம்ம அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தானே போறாரு. நெதம் கேக்காரு. அம்மா நெதம் யோசிச்சுச் சொல்லுதா. போயி கண்ணத் தொடச்சிட்டுச் சாப்புடு."

அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

*

சங்கத்தின் ஆண்டு விழா பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆல்வினின் கம்பெனியிலிருந்து மூன்று பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஆல்வின் கதையைச் சொல்ல வேண்டும், பிறகு தலைவர் அவர்களிடம் பட்டாவை ஒப்படைக்க வேண்டும். நாற்பது வேன் பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.

நான் ஹாஸ்டல் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தேன். மேடையில் மைக்குக்கு முன்னால் இரண்டு நாற்காலியைப் போட்டு, நடுவே கயிற்றைக் கட்டினேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, படத்தை மடியில் விரித்துக்கொண்டேன்.

"தமிழ், என்ன இது? சீன் போடாத" என்றான் ஆல்வின்.

"வழி என்னுது ஆல்வின்."

"அந்த ஹாரனா? வேணாம், நான் ஹாரன் இல்லாமலே ஆரம்பிச்சுக்கிறேன்." மைக்கைப் பிடித்தான். "ஒரு ஊர்ல ஒரு தண்ணி லாரி—"

"தம்பி, நிறுத்து." முன்வரிசையிலிருந்து ராஜகோபால் எழுந்தார். "எப்புடி உள்ள போன?"

"எங்க சார்?"

"கதைக்குள்ள. வழி அந்தப் பொண்ணுது. அத்த தாண்டாம லாரிகிட்ட எப்புடி போன? செவுரு ஏறிக் குதிச்சியா?"

"சார், இது கதை சார்."

"கதைன்னா செவுரு இல்லியா? நான் போட்ட படத்துல செவுரு கீது."

குமரேசன் ஓடி வந்து அவர் காதருகே குனிந்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "தலைவரே, கம்பெனிக்காரங்க உக்காந்திருக்காங்க. படத்த கொஞ்சம் மாத்திக்கலாம்."

"நான் போட்ட படத்த முப்பத்தி நாலு வருஷத்துல எவனும் மாத்தினதில்ல. தப்பா போட்டதக்கூட மாத்தினதில்ல. அப்பிடி மாத்த ஆரம்பிச்சா எத்தினி வூடு இடியும் தெரியுமா?"

குமரேசனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடனே உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். ஆல்வின் என் பக்கம் குனிந்தான். "ப்ளீஸ் தமிழ். இன்னிக்கு மட்டும் விடு."

அம்மா மாதிரிக் கொஞ்ச நேரம் யோசித்தேன். "சரி. போ" என்று கயிற்றை அவிழ்த்தேன்.

அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் முழுதாகப் பார்த்துக்கொண்டேன். அவன் மைக்கைப் பிடித்து, "ராசாத்தி—" என்றதும், "சார்," என்று நான் தலைவரைக் கூப்பிட்டேன். "வழி மூணடி. லாரி எத்தனை அடி சார்?"

ராஜகோபால் பையிலிருந்து தாளை எடுத்தார். "கதைப்படி பத்தடி. வண்டி போவாது. ஆளு நடந்து போலாம், தலைச்சுமையா எதுனா எடுத்துகினு போலாம். லாரி உள்ளயே நிக்க வேண்டியதுதான்."

"லாரி இல்லாம சொல்லு ஆல்வின்" என்றேன். "நடந்தே சொல்லு."

அவன் பிள்ளைகளைப் பார்த்தான். கம்பெனிக்காரர்களைப் பார்த்தான். "ஒரு ரோட்ல ஒரு குழி இருந்துச்சு" என்றான்.

மண்டபம் அமைதியானது.

"அந்தக் குழி... அங்கயே இருந்துச்சு."

"அப்புறம்?" என்றது ஜெனி.

"மறுநாளும் இருந்துச்சு."

நாலாவது நாளும் குழி இருந்தபோது பின்வரிசைப் பிள்ளைகள் கடிக்க ஆரம்பித்தார்கள். கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து, "வெளிய வர முடியாத லாரிய நாங்க வாங்கிட்டு என்ன சார் பண்றது? வில்லங்கம் இல்லாம எது இருக்கோ அத மட்டும் குடுங்க, இல்லேன்னா ஆல்வின், நீங்களும் திங்கட்கிழமை வர வேணாம்" என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் இடத்தில் ஆல்வின் என்னைப் பிடித்தான். "என்ன வேணும் உனக்கு?"

"ராசாத்தி. ரோடு, பாலம், மழை, நாப்பத்தாறு பாகம்."

"எனக்கு?"

"குழியப்பன். நடந்து போற வழியும் தர்றேன், வில்லங்கம் இல்லேன்னு எழுதித் தர்றேன், கம்பெனிக்குக் காட்டிக்கோ."

"லாரி இல்லாம ஒரு குழிய வெச்சு நான் என்ன பண்றது?"

"நீதான் உயிர் குடுப்பியே ஆல்வின். குடு."

அவன் ஈரக் கையோடு பரிவர்த்தனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். தலைவர் கோடு போட்டார், குமரேசன் முத்திரை குத்தினார். ராசாத்தி என் பேருக்கு வந்தாள். கதவருகே ஆல்வின் நின்றான். இந்த முறை அவன் கை நீட்டவில்லை. நீட்டியிருக்கலாம் என்று ஆசையாக இருந்தது, கொடுக்காமல் இருந்திருப்பேன்.

லாரி கைக்கு வந்ததும் கோபம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. வாட்டர் கேன் நிற்கிறது என்று சொன்னவர் மேடையில் ஜிலேபி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில், நியாயத்துக்கு ஒருவர் அழுதால் போதும் என்றவர். சங்க விதிப் புத்தகம் மேடையில் மாலை போட்டு வைக்கப்பட்டிருந்தது. மாலையை விலக்கிப் படித்தேன். தலைவர் கையாலேயே எழுதிய விதிகள். படித்துவிட்டு மைக்கைக் கேட்டேன்.

"என் பேர்ல இருக்கிற மூணடி வழிய சங்கத்துக்கே தானமா குடுக்குறேன்" என்றேன்.

பலத்த கைத்தட்டல். குமரேசன் ஜிலேபியை வைத்துவிட்டு, "இதுதாங்க பெருந்தன்மை" என்றார். தலைவர் கண் கலங்கினார். இரண்டு பேரும் தானப் பத்திரத்தைப் படிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். படிக்கிற பழக்கம் சங்கத்தில் இல்லை.

விதி இருபத்திரண்டு சொல்கிறது: தானமாக வந்த வழி பொதுச் சாலையாகும். பொதுச் சாலை இருபதடிக்குக் குறையக்கூடாது. அதை விரிவாக்கி, தினமும் நேரில் பராமரிப்பது தலைவரின் கடமை, செயலாளர் உடனிருக்க வேண்டும். தவறினால் தலைவர் பதவி காலியாகும். இரண்டு நாள் கழித்து நான் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன், பதிவுத் தபாலில்.

ராஜகோபால் மறுக்கவில்லை. அவர் போட்ட விதி. ஒரு பாம் ஓர் அடி என்று அளந்ததும் அவர்தான்.

இப்போது தினமும் காலை ஏழே முக்காலுக்கு அவர் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு வருகிறார். நாற்பது வேன்களும் வரிசையாக நிற்கும். அவர் நடைபாதை ஓரம் நின்று, இடுப்பில் கை வைத்து, "பாம்" என்கிறார். இருபது முறை. பிறகுதான் ராசாத்தி கதைக்குள்ளிருந்து வெளியே வர முடியும், அவளுக்குப் பத்தடி வேண்டும், மீதிப் பத்தடியில் எதிரே வண்டி வரலாம். குமரேசன் பக்கத்தில் நின்று, "ராசாத்தி வர்றா, ஒதுங்குங்க" என்று கை காட்டுகிறார். தெற்கே போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஊருக்குக் கிளம்பும் கூட்டம் போட்டோ எடுக்கிறது. ஆல்வினின் குழிக் கதையை இதுவரை பதினேழு பேர் கேட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. நாற்பத்தேழாவது பாகத்தை நானே பேசிவிட்டேன். என் குரல் அவ்வளவு நன்றாக இல்லை. பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை.

நேற்று பத்தொன்பதோடு அவர் நிறுத்திவிட்டார். நான் எலியேசர் அண்ணனின் வேன் கதவில் கை வைத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சார், ஒண்ணு கொறையுது."

"மூச்சு வாங்குது பாப்பா. ஒரு அடிதான. வுடேன்."

"ஒரு அடிக்கு ஊர்ல கொலையே விழுது சார். வண்டி எல்லாம் நிக்குது."

பின்னால் நாற்பது வேனும் நின்றன. அதற்குப் பின்னால் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையே நின்றது. அவர் என்னைப் பார்த்தார், குமரேசனைப் பார்த்தார். குமரேசன் வேறு பக்கம் பார்த்தார். அவர் மூச்சை இழுத்து இருபதாவதைச் சொன்னார்.

கொஞ்சம் குட்டையாக இருந்தது. மறு அளவுக்கு மனு செய்திருக்கிறேன்.